கொண்டி மாடும் மூன்றாவது காரும்

ஃப்ளோரிடாவில் கிஸிம்மி ஊரைச் சுற்றி, விடுமுறைக்கு வருபவர்களுக்கென்றே கட்டிய வீடுகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. டிஸ்னி வேர்ல்டு பக்கத்தில்தான். நாங்கள் பன்னிரண்டு பேர், மூன்று கார். வீட்டு முன்புறம் இரண்டு கார்தான் நிற்கும். மூன்றாவதை என் அக்கா மகன் இரவு பதினொரு மணிக்கு, க்ளப்ஹவுஸ் நீச்சல் குளத்தை ஒட்டிய காலி இடத்தில் விட்டுவிட்டு வந்து படுத்தான். நாற்பது வண்டி நிற்கக்கூடிய இடத்தில் அப்போது ஐந்தாறுதான் நின்றிருக்கும். காலை ஆறரைக்கு வந்து என்னை எழுப்பினான்.

"மாமா, வண்டியக் காணோம்."

"எங்கடா விட்ட?"

"குளத்துக்கிட்டதான் மாமா. அந்தக் கோட்டுக்குள்ளதான் விட்டேன்."

திருட்டு என்றே நினைத்தோம். அக்கா பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். வாசல் காவலாளி மட்டும் பதறவில்லை. நாற்காலியிலிருந்து எழாமலே, நுழைவாயிலில் நின்ற ஒரு போர்டைப் பேனாவால் காட்டினார். இரவு 12 முதல் காலை 6 வரை அங்கே வண்டி நிற்கக் கூடாது. நின்றால் இழுத்துச் செல்லப்படும். 'டோ' என்ற ஓரெழுத்துச் சொல்லின் கனம் அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

ஊர் திரும்பிய பிறகு ஃப்ளோரிடா மாநிலச் சட்டத் தொகுப்பின் 715.07ஆம் பிரிவை எடுத்துப் படித்தேன். தனியார் நிலத்தில் நிறுத்திய வண்டியை நிலத்துக்காரர் அப்புறப்படுத்துவது பற்றிய பிரிவு அது. சட்டம் என்றால் பெரிய பெரிய சொற்களாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவனுக்கு, தச்சுப் பட்டறையின் அளவுக் குறிப்பைப் படித்த மாதிரி இருந்தது. எச்சரிக்கைப் பலகை ஒவ்வொரு வண்டி நுழைவாயிலிலும், சாலையிலிருந்து 10 அடிக்குள் இருக்க வேண்டும். எழுத்துகள் ஒளியைப் பிரதிபலிக்க வேண்டும், உயரம் 2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 'டோ-அவே ஸோன்' என்ற சொற்கள் மட்டும் 4 அங்குலம். அந்தச் சொற்கள் தரையிலிருந்து 3 அடிக்குக் கீழேயும் கூடாது, 6 அடிக்கு மேலேயும் கூடாது. இழுத்துச் செல்லும் கம்பெனியின் பெயரும் போன் நம்பரும் வேண்டும். வண்டியைத் தொடுவதற்கு முன் குறைந்தது 24 மணி நேரமாவது பலகை அங்கே நின்றிருக்க வேண்டும்.

வண்டியைக் கொண்டுபோய் வைக்கும் யார்டுக்கும் அளவு உண்டு. 5 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள கவுண்டியில் எடுத்த இடத்திலிருந்து 10 மைலுக்குள், அதற்குக் குறைந்ததில் 15 மைலுக்குள். டிஸ்னி வேர்ல்டின் பெரும்பகுதி ஆரஞ்சு கவுண்டியில் இருக்கிறது, அங்கே 10 மைல். கிஸிம்மி இருக்கும் ஆஸியோலா கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 4 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள், ஆகவே 15 மைல். ஒரே சுற்றுலாப் பகுதிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைத் தாண்டினால், காரைத் தேடிப் போகும் தூரம் ஒன்றரை மடங்காகலாம். இழுத்து முடித்த 30 நிமிடத்துக்குள் போலீஸுக்குச் சொல்லிவிட வேண்டும். யார்டு காலை 8 முதல் மாலை 6 வரை திறந்திருக்க வேண்டும். மூடியிருந்தால் வாசலில் போன் நம்பர் இருக்க வேண்டும், அழைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும்.

எனக்குப் பிடித்தது இன்னொரு விதி. வண்டியைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருக்கும்போதே சொந்தக்காரர் ஓடி வந்துவிட்டால், அறிவித்த கட்டணத்தில் பாதிக்கு மிகாமல் வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டும். லுங்கியோடு ஓடி வருபவனின் கால் வேகத்துக்குச் சட்டம் ஐம்பது சதவீதத் தள்ளுபடி தருகிறது.

இத்தனை அங்குலமும் நிமிடமும் எதற்கு? வண்டியை இழுப்பது சொந்தக்காரர் இல்லாதபோது நடக்கிறது. பொதுச் சாலையில் போலீஸ்காரர் சீட்டு கொடுத்தால் அதை எதிர்த்து வாதாட நீதிமன்றம் இருக்கிறது, பிறகுதான் அபராதம். தனியார் நிலத்திலோ வழக்கு, விசாரணை, தீர்ப்பு, தண்டனை நான்கும் சொந்தக்காரர் தூங்கி எழுவதற்குள் முடிந்துவிடுகின்றன. அவருக்குக் கிடைத்த ஒரே நோட்டீஸ் அந்தப் பலகை. அது நடுவர் இல்லாத நீதிமன்றம் என்பதால், பலகையின் உயரத்தையாவது ஒழுங்காக வைப்போம் என்று சட்டமன்றம் நினைத்திருக்கிறது.

கலிஃபோர்னியா இதில் இன்னும் கெடுபிடி. அங்கே வாகனச் சட்டத்தின் 22658ஆம் பிரிவு, பலகை 17க்கு 22 அங்குலமாவது இருக்க வேண்டும் என்கிறது. அதைவிட முக்கியமானது, 'எங்கள் இடத்தில் நீங்களே சுற்றிப் பார்த்து வேண்டியதை இழுத்துக்கொள்ளுங்கள்' என்று டோ கம்பெனிக்கு மொத்தமாக அதிகாரம் எழுதிக் கொடுக்க முடியாது. தீயணைப்பு வண்டிக்கான வழி அடைபட்டது போன்ற சில நேரங்களைத் தவிர, ஒவ்வொரு வண்டிக்கும் நிலத்துக்காரரோ அவருடைய ஆளோ நேரில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது விழித்திருந்து பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும் என்பது எளிய நிபந்தனை மாதிரி தெரியும். இழுக்கும் ஆசையைப் பாதி அடக்குவது அதுதான் என்று எனக்குப் படுகிறது.

நம் ஊர்களில் இதன் பழைய வடிவத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்தவன் வயலில் மேயும் மாட்டுக்குக் கொண்டி மாடு என்று பெயர். அதைப் பிடித்து அடைக்கும் இடம் கொண்டித்தொழு. பிறகு வெள்ளைக்காரன் சொல்லால் பவுண்டு. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தில், பயிரை அழித்த மாட்டைப் பிடிக்கும் உரிமை விவசாயிக்கு உண்டு. ஆனால் 24 மணி நேரத்துக்குள் அதைப் பவுண்டுக்கு அனுப்பிவிட வேண்டும். மாட்டுக்காரர் அபராதமும் தீனிச் செலவும் கட்டி மீட்டுக்கொள்ளலாம். வராவிட்டால் அறிவிப்பு ஒட்டி, கெடு முடிந்ததும் ஏலம். டோ கட்டணம், யார்டில் நாள் வாடகை, கெடு, ஏலம் என்று ஃப்ளோரிடாவில் வண்டி போகும் வழி ஏறக்குறைய இந்த மாடு போன வழிதான். ஒரு வித்தியாசம் உண்டு. பவுண்டு சர்க்காருடையது, அபராதமும் சர்க்கார் கணக்கு. டோ யார்டு தனியாருடையது, எத்தனை மாடு சிக்குகிறதோ அத்தனை லாபம். நிலத்துக்காரருக்கு டோ கம்பெனி பணமோ வேறு ஆதாயமோ கொடுத்து, 'உங்கள் இடத்தில் பிடிக்கும் உரிமையை எனக்குத் தாருங்கள்' என்று கேட்பதை ஃப்ளோரிடா தடை செய்திருப்பது இதனால்தான். கட்டணத்துக்கு உச்சவரம்பு போடும் வேலையைக் கவுண்டிகளுக்குக் கொடுத்திருப்பதும் அதனால்தான்.

மாட்டுக்கும் காருக்கும் உள்ள இந்த உறவு என் கற்பனை அல்ல. 1990களின் நடுவில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், தனியார் கார் நிறுத்தத்தில் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டவர்கள், மேய வந்த மாட்டைப் பிடித்து வைக்கும் பழைய உரிமையைத் தங்களுக்கும் கேட்டார்கள். நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. மாட்டைப் பிடிப்பது ஏற்பட்ட சேதத்துக்கு ஈடாக. சும்மா நின்ற கார் என்ன சேதம் செய்தது? ஆனால் பலகையைப் படித்துவிட்டு நிறுத்தியவர் அதன் விளைவுக்குச் சம்மதித்தவராகிறார் என்று வேறு வழியில் பூட்டுக்காரர்களுக்கு இடம் கொடுத்தார்கள். 2000இல் அதே நீதிமன்றத்துக்கு இன்னொரு வழக்கு வந்தது. கடுமையான நோய் இருக்கலாம் என்று கேள்விப்பட்டு நிலைகுலைந்திருந்த ஒரு பெண், வாந்தி எடுக்க வண்டியை ஓரங்கட்டுகிறார். எச்சரிக்கைப் பலகையை ஒரு பெரிய ரேஞ்ச் ரோவர் மறைத்து நின்றிருந்தது. பார்க்காத பலகைக்குச் சம்மதம் ஏது என்று தீர்ப்பு. ஸ்காட்லாந்தில் 1992லேயே தனியார் நிலத்தில் பூட்டுப் போட்டுப் பணம் கேட்பது மிரட்டிப் பறித்தல் என்றும் திருட்டு என்றும் முடிவாகியிருந்தது. கடைசியில் 2012 அக்டோபர் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், சட்ட அதிகாரம் இல்லாமல் தனியார் நிலத்தில் ஒருவர் வண்டியைப் பூட்டுவதும் இழுப்பதும் குற்றமே ஆகிவிட்டது. அங்கே ஒரு பொழுதுபோக்குப் பூங்கா செய்யக்கூடியது, பணம் கேட்டுச் சீட்டு அனுப்புவது மட்டும். காலையில் எழுந்தால் கார் நின்ற இடத்தில் நிற்கும்.

அமெரிக்கா அந்த வழியில் போகவில்லை. காரும் தனியார் நிலமும் அங்கே எவ்வளவு நெருங்கிப் பிணைந்திருக்கின்றன என்பதைத் தீம் பார்க்குகளின் வரலாற்றிலேயே பார்க்கலாம். 1955 ஜூலை 17 அன்று அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது, ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துப் போட்ட கார் நிறுத்தம் ஏறக்குறைய 100 ஏக்கர், 12,000 வண்டிகளுக்கு மேல் நிற்கும். பூங்காவைவிடக் கார் நிறுத்தம் பெரிது. கட்டணம் 25 சென்ட். அந்த நிலத்தின் மீதுதான் 2001 பிப்ரவரியில் இரண்டாவது பூங்காவான கலிஃபோர்னியா அட்வெஞ்சர் எழுந்தது. கார்களுக்கு 10,000க்கு மேல் இடமுள்ள அடுக்குமாடி ஒன்று வந்தது. அதைக் கட்டியது நகராட்சி, கடன் பத்திரம் வெளியிட்டு. டிஸ்னி அதற்கு ஆண்டுக்கு ஒரு டாலர் குத்தகை கொடுத்துவிட்டு, வசூலைத் தானே வைத்துக்கொள்கிறது என்பதை 2017இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் விரிவாக எழுதியது. கோபத்தில் டிஸ்னி அந்தப் பத்திரிகைக்காரர்களை முன்காட்சிகளுக்கு வரவிடவில்லை. மற்ற விமர்சகர்கள் பத்திரிகையோடு நின்றதும் சில நாளில் இறங்கி வந்தது. கார் நிறுத்தம் பற்றி எழுதியதற்காக சினிமா விமர்சகர்கள் வெளியே நிறுத்தப்பட்டது வேறெங்கும் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

ஃப்ளோரிடாவில் கதை இன்னும் பெரிது. 1967இல் மாநிலச் சட்டமன்றம் டிஸ்னிக்காக ரீடி க்ரீக் என்ற தனி மாவட்டத்தையே உருவாக்கியது. சாலை, வடிகால், தீயணைப்பு எல்லாம் அதன் பொறுப்பு. அரசியல் சண்டைக்குப் பின் 2023இல்தான் அது பெயரும் நிர்வாகமும் மாறியது. 1971இல் திறந்த மேஜிக் கிங்டமின் வாசலில் கார் நிறுத்த முடியாது. ஏரிக்கு இக்கரையில் 10,000க்கு மேல் வண்டி நிற்கும் மைதானத்தில் விட்டுவிட்டு, படகிலோ மோனோரயிலிலோ அக்கரை போக வேண்டும். மைதானத்தின் பகுதிகளுக்கு சிம்பா, ஸ்கார், ஹூக் என்று கதாநாயகர், வில்லன் பெயர்கள். இரவு பத்து மணிக்கு, தூங்கி விழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஸ்காரா, சிம்பாவா?" என்று சண்டை போடும் தம்பதிகளை அங்கே தினமும் பார்க்கலாம். அவர்களிடம் ஊழியர் கேட்கும் முதல் கேள்வி, "காலையில் எத்தனை மணிக்கு வந்தீர்கள்?" என்பது. எந்த நேரத்தில் எந்த வரிசை நிரம்பியது என்று குறித்து வைத்திருப்பார்கள். வந்த நேரம் தெரிந்தால் வரிசை தெரிந்துவிடும்.

பகலில் இவ்வளவு கரிசனம் காட்டும் இடம், பூங்கா மூடிய பிறகு வண்டியை விட்டுவைக்காதே என்கிறது. காரணங்கள் ரகசியமல்ல. பெருக்குவதும் கோடு போடுவதும் தார் பூசுவதும் இரவில்தான். காலியான மைதானத்தில் தனியாக நிற்கும் வண்டியில் யாராவது மயங்கிக் கிடக்கிறார்களா, வண்டி திருட்டு வண்டியா, கைவிடப்பட்டதா என்று காவலர்கள் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வீடு மாதிரியான பெரிய வண்டியில் ஊர் சுற்றுபவர்கள் இரவைக் கழிக்க இலவச இடம் தேடுவார்கள். அவர்களுக்குப் பல வால்மார்ட் கடைகள், மேலாளர் சம்மதித்தால், கார் நிறுத்தத்தில் இடம் தருகின்றன. டிஸ்னி தராது, ஏனென்றால் ஃபோர்ட் வில்டர்னஸ் என்ற அதன் முகாம் திடலில் அதே இரவை விலைக்கு விற்கிறது. பூங்காவின் பார்க்கிங் சீட்டு ஒரு பகலை வாங்கித் தருகிறது. இரவு வேறு சரக்கு, அதன் கடை ஹோட்டல்.

அந்த இரவுக்குத் தனி விலையும் ஒருமுறை போட்டுப் பார்த்தார்கள். 2018 மார்ச் முதல் டிஸ்னி வேர்ல்டு ஹோட்டல்களில் தங்குபவர்கள் தங்கள் காரைத் தாங்களே நிறுத்துவதற்குக்கூட ஓர் இரவுக்கு 13, 19, 24 டாலர் என்று, ஹோட்டலின் தரத்துக்கேற்ப வாங்கத் தொடங்கினார்கள். அதுவரை அது அறை வாடகைக்குள் அடங்கியிருந்தது. லாஸ் வேகாஸில் எம்ஜிஎம் 2016இல் தொடங்கி வைத்த வழக்கம் இது. பல பத்தாண்டுகள் இலவசமாக இருந்த சூதாட்ட விடுதிகளின் பார்க்கிங்குக்கு அன்று விலை வந்தது. டிஸ்னி வாடிக்கையாளர்களின் முணுமுணுப்பு ஐந்தாண்டு ஓயவில்லை. 2023 ஜனவரியில் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். டானல்டு ஷூப் என்ற கலிஃபோர்னியப் பேராசிரியர் 2005இல் இலவசப் பார்க்கிங்கின் விலை பற்றி ஒரு தடித்த புத்தகமே எழுதினார். இலவசம் என்று எதுவும் இல்லை, யாரோ எங்கோ கொடுக்கிறார்கள் என்பது அவர் வாதம். அறை வாடகைக்குள் மறைத்துக் கொடுத்தால் வலிக்கவில்லை, ரசீதில் தனி வரியாக வந்தால் வலிக்கிறது என்று டிஸ்னி கண்டுகொண்டது.

சில ஹோட்டல்களிலிருந்து பூங்காவுக்கு நடந்தே போய்விடலாம். கன்டெம்பொரரி ஹோட்டலிலிருந்து மேஜிக் கிங்டத்துக்குப் பத்து நிமிட நடை. போர்டுவாக் ஹோட்டலிலிருந்து எப்காட் பூங்காவின் பின்வாசல் பக்கம். பூங்காவின் பார்க்கிங் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் அங்கே காரை விடப் பார்ப்பார்கள் என்பதால், வாசலில் கேட்டும் காவலாளியும், "தங்குகிறீர்களா? சாப்பிட மேசை பதிவு செய்திருக்கிறீர்களா?" என்ற கேள்வியும். இந்தக் கேட்டுதான் பெரிய பூங்காவையும் சிறிய ரிசார்ட்டையும் பிரிக்கிறது. உள்ளே வரும்போதே தடுக்கவும் வசூலிக்கவும் முடிந்தவனுக்கு டோ வண்டி அபூர்வமாகத்தான் தேவைப்படும். வாசலில் சம்பளத்துக்கு ஆள் வைக்க முடியாத, அல்லது ஒரு வாசலில் மட்டும் வைத்திருக்கும் விடுமுறைக் குடியிருப்புகளுக்குத்தான் அது மலிவான காவலாளி. ஆனால் இரவில் தங்கிவிடும் எல்லா வண்டியும் ஏமாற்று வண்டி அல்ல. எப்காட்டில் பதினொரு நாட்டு அரங்குகளையும் சுற்றி ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு மது குடித்தவர், வண்டியை விட்டுவிட்டு வாடகைக் காரில் போவதுதான் எல்லோருக்கும் நல்லது. இரவில் நிற்கக் கூடாது என்ற விதியை எழுதும்போது அவரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஓர் இரவு எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு வழக்கு. 2007 பிப்ரவரி, பனிப்புயல். பனி அள்ளுவதற்காக எல்லோரும் வண்டியை எடுக்க வேண்டும் என்பது அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் விதி. ஒருவர் மட்டும் எடுக்கவில்லை. படுத்த படுக்கையாக இருந்தார். பிறகு மருத்துவமனையில் பாதத்தையே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. வண்டி போனதே அவருக்குத் தெரியாது. டோ கம்பெனி அதை ஏலத்துக்குக் கொண்டுபோனது. அவருடைய வழக்கறிஞர் வண்டி வேண்டும் என்று சொல்லியும் வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டது, அவருக்கு ஒரு காசு கொடுக்கவில்லை. வழக்குப் போட்டபோது கம்பெனியின் வாதம் விசித்திரமானது. சரக்கு வண்டித் தொழிலின் விலை, தடம், சேவை ஆகியவற்றில் மாநிலங்கள் தலையிடக் கூடாது என்று 1994இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இருக்கிறது, நாங்களும் வண்டி ஓட்டுபவர்கள்தானே என்றார்கள். 2013 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. யார்டில் நிற்கும் கார் எங்கேயும் பயணம் செய்யவில்லை. அதை வைத்திருப்பதும் விற்பதும் மாநிலச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்று நீதிபதி கின்ஸ்பர்க் எழுதினார். ஒரு ஹோண்டா சிவிக்குக்கு ஆறு ஆண்டுகள். அவர் அந்த ஊர்க்காரர், அதனால் ஆறு ஆண்டு காத்திருக்க முடிந்தது.

எங்கள் கார் ஒன்பது மைல் தள்ளி இருந்தது. ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போன் போட்டதும் வண்டி எண்ணை வாசித்தார்கள், 1.40க்கு எடுத்ததாகப் பதிவு. அந்த 30 நிமிட விதி மட்டும் ஒழுங்காக வேலை செய்திருந்தது. யார்டில் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் உரிமம் கொடுத்தோம். வாடகைக் கார் என்றதும் ஒப்பந்தத் தாளைக் கேட்டார். அது காரின் கைப்பெட்டிக்குள் இருந்தது. கார் வேலிக்கு அந்தப் பக்கம். ஒருவர் கூட வந்து பூட்டைத் திறந்து, தாளை எடுக்கவிட்டு, மறுபடி பூட்டி, எங்களைக் கவுன்ட்டருக்கு அழைத்து வந்தார். பின்சீட்டில் பேத்தியின் மிக்கி காது அப்படியே கிடந்தது.

திரும்பும்போது வழக்கம்போலப் பின்பக்க கேட்டு வழியாக வந்தோம். பூங்காவுக்குப் போக அதுதான் குறுக்கு, நான்கு நாளும் அதில்தான் போய் வந்தோம். உள்ளே நுழைந்ததும் அக்கா மகன் பிரேக் போட்டான்.

"மாமா, இந்தப் பக்கம் போர்டே இல்ல பாருங்க."

இறங்கிப் பார்த்தோம். இல்லைதான். ஒவ்வொரு நுழைவாயிலிலும் என்கிறது சட்டம். முறையில்லாமல் இழுக்க வைத்தவர் டோ செலவு, யார்டு வாடகை, சேதம், வழக்கறிஞர் கட்டணம் வரை கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நான் அன்றைக்கு அதைப் படித்திருக்கவில்லை. படித்திருந்தாலும் வியாழக்கிழமை சாயங்காலம் அவனுக்கு டாலஸ் விமானம், எனக்குச் சனிக்கிழமை சென்னை. படம் மட்டும் எடுத்துக்கொண்டோம். இதை எழுதுவதற்கு முன் போனில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு தூண்கள், ஒரு பனை, தண்ணீர் பீய்ச்சும் குழாய், வேகம் 15 மைல் என்று ஒரு பலகை. வேறொன்றும் இல்லை.